மனைக்கல்லுக்குக் குலவை

அந்த வயதில் எனக்குத் தெரியாத விஷயம் என்று ஏதாவது இருந்ததாக நினைவில்லை. ஒரகடம் பக்கத்தில், கார் கதவு வழியாகத் தண்ணீர் புகாமல் இருக்க ஓரத்தில் ஒட்டுவார்களே ரப்பர் பட்டை, அதைச் செய்யும் கம்பெனியில் டிரெயினியாக இருந்தேன். பட்டையில் கீறல் இருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பது என் வேலை. இயற்பியல் பட்டதாரிக்கு ரப்பர் இழுக்கும் வேலை கொடுத்ததில் ஏதோ ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் என் மனம் லைனில் நிற்காது. 'நவீன' என்று தொடங்கும் எதுவும் எனக்கு உடனே பிடித்துவிடும். நவீன நாடகம், நவீன ஓவியம், நவீன நடனம். ஞாயிறுதோறும் சேரப்பணஞ்சேரியிலிருந்து பஸ் பிடித்துத் தாம்பரம், அங்கிருந்து ரயில், அப்புறம் நடை என்று பட்டணத்துக்குப் போவேன். ஏசி போட்ட சின்ன அரங்கங்களின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, புரியாத இடங்களில் மட்டும் பலமாகத் தலையை ஆட்டிவிட்டு வருவேன். டீயும் பிஸ்கட்டும் தருவார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த அந்தக் கலைஞரைப் பார்த்தேன். பாடகி என்று சொன்னால் பாதிதான் சரி. ஆட்டக்காரி என்றாலும் பாதிதான். தன் தாயின் ஊரில் பெண்கள் பாடும் பாட்டுகளை எடுத்துக்கொண்டு, அவற்றோடு இந்தக் காலத்து நடனத்தைக் கலந்து ஆடுவார். பாட்டு ஒரு பக்கம் போகும், உடம்பு வேறு பக்கம் போகும், எங்கேயோ ஒரு திருப்பத்தில் இரண்டும் முட்டிக்கொள்ளும். ஒரே தொண்டையில் இரண்டு குரல் எழுப்புவார். கீழே ஆட்டோ என்ஜின் போல ஓர் உறுமல். அதன்மேல் விசில் போல மெல்லிய இழை. முதல் தடவை கேட்டபோது ஸ்பீக்கர் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அரங்கில் திரும்பிய ஒரே தலை என்னுடையது.

ஆட்டம் முடிந்ததும் கேள்வி கேட்கலாம் என்றார்கள். மரபுக்கும் நவீனத்துக்கும் உள்ள உறவைப் பற்றி ஆங்கிலத்தில் நிறைய நேரம் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதில் கேள்வி எங்கே இருக்கிறது?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அது எனக்கானது இல்லை என்பது போல.

பிறகு அவரே சொன்னார்: "எங்கள் ஊரில் நான் பாடினால் கூட்டம் பதில் சொல்லும். பெண்கள் நாக்கைச் சுழற்றி ஒரு குரல் கொடுப்பார்கள். அதைக் கேட்டால்தான் எனக்கு அடுத்த அடி வரும். இங்கே எல்லாரும் பரீட்சை எழுதுவதுபோல உட்கார்ந்திருக்கிறீர்கள். உழைக்கிற ஜனங்கள் இருக்கும் இடத்தில் ஒரு தடவையாவது ஆடிப் பார்க்க ஆசை."

அவர் முடிப்பதற்குள் என் கை மேலே போயிருந்தது. எங்கள் ஊரைச் சுற்றிலும் தொழிற்சாலைகள் என்றேன். அங்கே எல்லாப் பெண்களும் அந்தக் குரலை எழுப்புவார்கள், அதற்குப் பெயர் குலவை என்றேன். குலவையை நான் அதுவரை சினிமாவில்தான் கேட்டிருந்தேன்.

அவர் சந்தோஷப்பட்டார். அடுத்த ஞாயிறு மாலை வருவதாகவும், உங்கள் பெண்கள் பதில் குரல் கொடுக்கட்டும் என்றும் சொன்னார். நன்றாக வந்தால் அதற்கடுத்த சனிக்கிழமை பட்டணத்து அரங்கிலேயே அவர்களை மேடையேற்றுகிறேன் என்றார். திரும்பும் ரயிலில் நான் ஏற்கெனவே அந்த மேடையில் நின்று அறிமுக உரை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

அம்மா எங்கள் தெரு மகளிர் குழுவின் தலைவி. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் விஷயத்தைச் சொல்லி, எல்லாரையும் குலவை போடச் சொன்னேன். ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். ஓர் அம்மா துணிந்து வாயைத் திறந்தார். சோடா புட்டியைத் திறந்த சத்தம் வந்தது. இன்னொருவர் இருமினார். மூன்றாவது ஆள் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார்.

"இன்னாடா இது, காக்கா ஓட்டணுமா?" என்றாள் அம்மா. "குலவயெல்லாம் தெக்கத்தி ஆளுங்க போடறது. நம்ம பக்கத்துல சடங்குக்குக்கூட எவளும் போட்டு நான் பாத்ததில்ல. நீ எந்த ஊர்ல வளந்த?"

இந்த ஊரில்தான் வளர்ந்தேன். அதுதான் பிரச்சினை.

தெற்கத்தி ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று நான் தேடிப் போக வேண்டியதில்லை. எங்கள் தெருக் கோடியிலேயே ஒரு மாடி வீட்டைத் தடுத்துத் தடுத்து விடுதியாக்கியிருந்தார்கள். வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்கள் அங்கே தங்கியிருந்தார்கள். எல்லாரும் விருதுநகர், சிவகங்கைப் பக்கம். தினமும் அவர்கள் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. கேட்டில் விடுதிக்காரம்மா நின்றிருந்தார்.

"யாரு வோணும்?"

"குலவை போடத் தெரிஞ்ச யாராவது."

அவர் என்னை மேலிருந்து கீழே வரை பார்த்தார். "நீ அந்தக் குழுத் தலைவி பையன்தான? உங்கம்மா கைல சொல்லட்டா?"

போய் அம்மாவையே ஜாமீனாகக் கூட்டிக்கொண்டு வந்தேன். மொட்டை மாடியில் பெண்கள் யூனிபார்ம் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா விஷயத்தைச் சொன்னாள். நான் சொல்லியிருந்தால் இழுத்திருக்கும்; அம்மா ஒரே மூச்சில் முடித்தாள். "எம்புள்ள ஏதோ கூத்து கட்டறான். குலவ போடணுமாம். தெரியுமா கண்ணுங்களா?"

ஒரு பெண் வாளியைக் கீழே வைத்தாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, உள்ளங்கையை வாய்க்கு முன்னால் குவித்துப் போட்டாள். சாலையில் ஹார்ன் அடித்தபடி போய்க்கொண்டிருந்த டிரெய்லர் லாரியின் சத்தம் எங்கே போனதென்று தெரியவில்லை. கொடியில் உட்கார்ந்திருந்த காக்கைகள் நிஜமாகவே எழுந்து பறந்தன. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்தப் பெண்ணுக்குச் சாத்தூர்ப் பக்கம். என்னைவிடச் சின்னவள். மற்றவர்களும் போட்டார்கள், ஆனால் அவள் எடுத்துக் கொடுத்தால்தான் அவர்களுக்கு வந்தது.

"சரிண்ணே, போடுறோம்," என்றாள். "எந்தச் சாமிக்கு?"

"சாமியெல்லாம் இல்ல. கலை."

"கலைக்கு எப்பிடிண்ணே கொலவ போடுறது?"

கலை என்பது என்ன, சடங்கிலிருந்து அது எப்படிப் பிரிந்தது, ஏன் பிரிந்தது என்று விளக்கினேன். கொடியில் போட்ட துணி காய ஆரம்பித்தது. அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணே சொல்லி முடிச்சிட்டாகளா? சரி. இப்ப எந்தச் சாமிக்கு?"

பக்கத்தில் இருந்த பெண் அவளைக் கிள்ளினாள். "விடு புள்ள. அண்ணனுக்குத் தெரியல. நம்ம பாத்துக்கிடுவோம்." அப்படித்தான் ஒப்பந்தம் ஆனது.

கீழே இறங்கும்போது விடுதிக்காரம்மா ஒரு விஷயத்தைச் சொன்னார். "அந்தச் சாத்தூர்ப் பொண்ண ரொம்ப நம்பாத. ஞாயித்துக்கெழம அவங்கம்மா வருது. பொண்ணு வேலய வுட்டுட்டு ஊருக்குப் போறதாப் பேச்சு."

மீதியை நானே நிரப்பிக்கொண்டேன். ஊரில் ஒரு முறைமாமன், அவனுக்கு மீசை. கண்ணீரோடு ஒரு பெண். இழுத்துக்கொண்டு போக வரும் தாய். சொந்தக் காலில் நிற்கும் ஒரு பெண்ணை அடுப்படிக்குள் தள்ளப் பார்க்கிறார்கள். அவள் போய்விட்டால் சனிக்கிழமை மேடையும் போய்விடும் என்ற நினைப்பும் வந்தது. அதை ஒரு மூலையில் வைத்துவிட்டு, பெண் விடுதலைக்காகத்தான் கவலைப்படுகிறேன் என்று முடிவு செய்தேன். அவளை எப்படியாவது இருக்க வைக்க வேண்டும். அந்த வாரம் முழுக்க, ரப்பர் பட்டையை இழுத்துக்கொண்டே, அந்தத் தாயிடம் பேச வேண்டிய வசனங்களைத் தயார் செய்தேன். சூப்பர்வைசர் இரண்டு தடவை, "இன்னாப்பா முணுமுணுன்னுகினு கீற?" என்று கேட்டார்.

இடத்துக்குக் கல்யாண மண்டபம் கிடைக்கவில்லை, முகூர்த்த நாள். கடைசியில் மனை பிரித்து விற்கும் லேஅவுட்காரர் ஒருவர் இடம் கொடுத்தார். ஏரியை ஒட்டி, போன வருடம் வரை வேர்க்கடலை விளைந்த நிலம். அவர் வாங்கி, வளைவு வைத்து, எங்கும் போய்ச் சேராத தார் ரோடு போட்டு, மனைக்கு மனை வெள்ளையடித்த கல் நட்டிருந்தார். ஒரு மனையும் போகவில்லை.

"ஆப்பிரிக்காலேந்தே பார்ட்டி வருதா?" என்று கேட்டார்.

"ஆட வர்றாங்க சார். மனை பாக்க இல்ல."

"ஆடிட்டு அப்பிடியே பாக்கட்டுமே தம்பி."

அடுத்த நாள் வளைவில் பேனர் தொங்கியது. நடுவில் அவர் கைகூப்பி நின்றார். ஓரத்தில், கீழே, சின்ன எழுத்தில் தென்னாப்பிரிக்கா இருந்தது.

ஞாயிறு மதியம் நான் நாற்காலி போடப் போனபோது விடுதிப் பெண்கள் எனக்கு முன்பே வந்திருந்தார்கள். தார் ரோட்டோரம் இருந்த ஒரு மனைக்கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, உச்சியில் வேப்பங்கொத்து கட்டியிருந்தார்கள். கல்லின் அடியில் ஓர் எலுமிச்சம்பழம். மனை எண் மட்டும் மஞ்சளுக்கு அடியில் லேசாகத் தெரிந்தது.

"சும்மா ஒரு அடையாளத்துக்குண்ணே," என்றாள் சாத்தூர்ப் பெண். "எதுக்க யாராச்சும் இருந்தாத்தான் கொலவ வரும்."

எனக்கு ஒரே பூரிப்பு. ரியல் எஸ்டேட்டை எதிர்த்து எவ்வளவு ஆழமான குறியீடு என்று நினைத்தேன். பட்டணத்திலிருந்து வேனில் வந்திறங்கிய கலைஞரிடமும் அப்படியே சொன்னேன். அவர் முகத்தில் வெள்ளைக் களிமண் பூசி, கணுக்காலில் காய்ந்த விதைகளைக் கோத்துக் கட்டியிருந்தார். கல்லைப் பார்த்தார்.

"இது யார்?" என்று கேட்டார்.

"யாருமில்லை. ஒரு குறியீடு."

அவர் என்னிடம் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கல்லுக்கு முன்னால் மண்டியிட்டு, தன் மொழியில், நடுநடுவே நாக்கைச் சொடுக்கி என்னவோ சொன்னார். உத்தரவு கேட்பது போல இருந்தது. விடுதிப் பெண்கள் உடனே அவரைத் தங்கள் ஆளாக்கிக்கொண்டார்கள். ஒருத்தி தலையில் வைக்கக் கனகாம்பரம் நீட்டினாள். வைக்கும் அளவுக்கு முடி இல்லாததால் அவர் அதைக் காதில் சொருகிக்கொண்டார்.

நாலு மணி சுமாருக்குக் கூட்டம் சேர்ந்தது. எங்கள் தெரு, பக்கத்துத் தெரு, வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிய சில பேர். சாத்தூர்ப் பெண்ணின் தாயும் நேராக பஸ்ஸிலிருந்து இறங்கி, கட்டைப்பையோடு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். நான் போய்ப் பக்கத்தில் குந்தினேன்.

"அம்மா, பொண்ணுங்களுக்குன்னு ஒரு வாழ்க்கை இருக்குது," என்று தொடங்கினேன்.

"ஆமாய்யா."

"அவங்க சொந்தக் கால்ல நிக்கணும்."

"ரெம்பச் சரியாச் சொன்னீக."

"இப்ப வேலைய விட்டா அப்புறம் இப்படி ஒரு வேலை கெடைக்காது."

"நல்லாச் சொல்லுங்கய்யா," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, அங்கிட்டுக் கேக்கட்டும்."

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். கிராமத்துத் தாய்மார்களின் சாமர்த்தியத்தைப் பற்றி எங்கேயோ படித்திருந்தேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்து மைக்கைப் பிடித்தேன்.

அறிமுக உரை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. உடல் ஒரு மொழி என்ற இடத்துக்கு வந்திருந்தேன். லேஅவுட்காரர் பின்னாலிருந்து மைக்கை வாங்கி, தண்ணீர் வசதி, பஸ் வசதி, ஏரிக்காற்று என்று சொல்லி முடித்து, மைக்கை அணைத்துத் தன் பையிலேயே போட்டுக்கொண்டார். கூட்டம் கை தட்டியது. எதற்கு என்று நான் விசாரிக்கவில்லை.

கலைஞர் பாட ஆரம்பித்தார்.

பட்டணத்துக்கு வீட்டு வேலைக்குப் போன ஒருத்தி ஊர் திரும்புவதுதான் ஆட்டம் என்று எனக்கு முன்பே சொல்லியிருந்தார். தலையில் இல்லாத பாத்திரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தார் ரோட்டில் நடந்தார். நடை மெல்ல மெல்ல உடைந்தது. முழங்கால் மடங்கி, தரையில் உருண்டு, எழும்போது அந்தப் பாத்திரம் இன்னும் தலையில் இருந்தது; அது எனக்குத் தெரிந்தது, எல்லாருக்கும் தெரிந்தது. முன்வரிசையில் ஓர் அம்மா, "வுழுந்துரப் போவுது," என்று கையை நீட்டினார். பட்டணத்து அரங்கில் இதே ஆட்டத்துக்கு நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். இங்கே ஆட்ட மறந்துபோனேன்.

அப்போது அந்த இரண்டு குரல் எழுந்தது. கீழே உறுமல், மேலே இழை. சாத்தூர்ப் பெண் கையைக் குவித்தாள். குலவை கிளம்பியது, மற்ற பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். கலைஞர் சட்டென்று தலையை நிமிர்த்தினார். அந்தப் பக்கத்திலிருந்து அவருடைய குரலும் நாக்கைச் சுழற்றிக்கொண்டு வந்தது. இரண்டும் ஏரிக்கு மேலே எங்கேயோ ஒன்றாகின. அவர் தோள்கள் துடிக்க ஆரம்பித்தன. காலில் விதைகள் பொரிந்தன. துடித்துக்கொண்டே வந்து, மஞ்சள் பூசிய கல்லுக்கு முன்னால் மண்ணில் விழுந்து, உட்கார்ந்து, மூச்சு வாங்கினார். ஆட்டம் முடிந்தது. பட்டணத்து வழக்கப்படி இந்த இடத்தில் கைதட்டல் வர வேண்டும்.

யாரும் தட்டவில்லை. எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள்.

"சாமி வந்துட்ச்சி," என்றது ஒரு குரல்.

வல்லக்கோட்டையிலிருந்து வந்தவர்களிடம் கற்பூரம் மீந்திருந்தது. யாரோ ஏற்றினார்கள். ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர் வந்து கலைஞரின் காலில் ஊற்றப்பட்டது. ஊற்றியது யார் என்று பார்த்தால் என் அம்மா.

"அம்மா, இது சாமி இல்ல, கலை," என்றேன்.

"வாய மூட்றா. எதுக்க நின்னு பேசாத."

மைக்கில் சொல்லலாம் என்றால் அது லேஅவுட்காரரின் பையில் இருந்தது. அவரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி, பேனரில் இருந்த அதே தோரணையில் நின்றிருந்தார்.

அதற்குள் சாத்தூர்த் தாய் முன்னால் போய்விட்டார். மண்ணில் உட்கார்ந்து, கலைஞரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இப்போது மகளைக் கூட்டிப் போக உத்தரவு கேட்பார், ஊரே ஆமாம் போடும், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"தாயீ," என்றார். "எம்மக வேலைய விட்டுட்டு ஊருக்கு வாரேங்கா. தீவாளிக்கு வந்தப்ப இருந்து இதே பேச்சு. எங்க தெருவுலயே மொத மொத கம்பெனிக்கு வந்தவ இவதான். இவளப் பாத்துத்தான் அத்தன பேரும் பிள்ளைகள அனுப்புனாக. இப்ப இவளே திரும்பி வந்தா நான் யாரு மூஞ்சியில முழிப்பேன்? இன்னும் ஒரு வருசம் இருன்னு நீயே ஒரு வார்த்த சொல்லு."

முறைமாமனும் அவன் மீசையும் காற்றில் கரைந்தார்கள். மகள் கல்லுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவளுக்குத்தான் போக வேண்டும். இருக்கச் சொல்வது தாய். நான் வாரம் முழுக்கத் தயார் செய்த வசனத்தை அந்தத் தாய் என்னைவிட நன்றாகப் பேசிவிட்டார்.

கலைஞர் என்னைப் பார்த்தார். "என்ன கேட்கிறார்?"

சொன்னேன். அவரைச் சாமி என்று நினைக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தன் அத்தை ஒருத்தி நிஜமாகவே அருள்வாக்குச் சொல்பவர் என்றும், அதில் விளையாடினால் அத்தை கன்னத்தில் அறைவார் என்றும் சொன்னார். பிறகு அந்தத் தாயின் கையை விடாமல் மெதுவாகப் பேசினார்.

"நான் யாருமில்லை என்று சொல். ஆனால் என் அம்மா நகரத்தில் ஒரு வீட்டுச் சமையலறையில் இருந்தாள். ஒரு நாள் திரும்பி வந்துவிட்டாள். ஏன் வந்தாய் என்று பாட்டி கேட்கவில்லை. பாயில் கொஞ்சம் நகர்ந்து படுத்து இடம் கொடுத்தாள். இந்த ஆட்டமே அவ்வளவுதான்."

கூட்டம் மொத்தமும் என் வாயைப் பார்த்தது. "இன்னா சொல்லுது?" என்றாள் அம்மா.

ஒரு நொடிதான். சனிக்கிழமை மேடை, அதில் நிற்கும் நான், எனக்குப் பின்னால் குலவை போடும் அந்தப் பெண், எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து போயின. ஒரு வருடம் இருக்கச் சொல்கிறார் என்று நான் சொன்னால் மறுத்துப் பேச அங்கே யாருக்கும் ஆங்கிலம் தெரியாது. மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கலை என்றால் என்ன என்று நான் விளக்கியபோது இருந்த அதே மரியாதை அந்த முகத்தில் இருந்தது. இந்த ஆள் எப்படியும் நீளமாகத்தான் பேசப் போகிறான் என்ற பொறுமை.

"ஏன் வந்தேன்னு கேக்காத, நகந்து எடம் குடுன்னு சொல்றாங்க," என்றேன். அந்த வாரத்தில் நான் ஆற்றிய மிகச் சின்ன உரை.

தாய் கல்லின் குங்குமத்தைத் தொட்டு மகளின் நெற்றியில் வைத்தார். "சாமியே சொல்லிருச்சு. தெருவுல எவளாச்சும் கேட்டா, உத்தரவுன்னு சொல்லிருவேன்," என்றார். அவருக்குத் தேவைப்பட்டதும் அப்படி ஒரு காரணம்தான் போலிருக்கிறது. முகம் சட்டென்று லேசாகிவிட்டது.

அதற்குள் பின்னால் வரிசை கட்டிவிட்டார்கள். முதல் ஆள் லேஅவுட்காரர். "தம்பி, மேக்கால மனைங்க எப்பப் போவும்னு ஒரு வார்த்த கேளேன்." கலைஞரை வேனில் ஏற்றி அனுப்புவதற்குள் எனக்கு வேர்த்துக் கொட்டியது. ஏறும்போது அவர், "சனிக்கிழமை அந்தக் குரல் வேண்டும். மறந்துவிடாதே," என்றார். அவ்வளவு நல்ல பதில் தன் ஊரைவிட்டு வெளியே எங்கும் கிடைத்ததில்லை என்றும் சொன்னார்.

மறுநாள் எனக்கு செகண்ட் ஷிப்டு. காலையில் தாயையும் மகளையும் பஸ் ஏற்றிவிடப் போனேன். நிறுத்தத்தில் தாய் கட்டைப்பைமேல் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, ஊருக்குப் போறதுதான் உன் இஷ்டம்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல," என்று மகளிடம் கேட்டேன்.

"நீங்க எங்கண்ணே கேட்டீக?" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னாள். ராத்திரி ஷிப்டு உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, ஊரில் தையல் மிஷின் இருக்கிறது என்றாள். விடுதி சாம்பாரைப் பற்றியும் சொன்னாள். அதை எழுத இங்கே இடமில்லை.

சனிக்கிழமை பற்றிச் சொன்னேன். மற்ற பெண்களுக்கு அன்று ஓவர்டைம். யாருமில்லை.

"அண்ணனே போடுங்களேன்," என்றாள்.

"ஆம்பள போடலாமா?"

"சாமிக்குன்னா யோசிக்கணும். கலைக்குத்தானண்ணே."

பஸ் வருவதற்குள் கற்றுக் கொடுத்தாள். நான் போட்ட முதல் குலவைக்கு நிறுத்தத்தில் நின்ற யூனிபார்ம்கள் எல்லாம் திரும்பின. ஒரு நாய் எழுந்து இடம் மாறியது. "நாக்க ஆட்டாதீகண்ணே, உள்ளயே உருட்டுங்க," என்றாள் மகள். "வயித்துலருந்து வரணும்யா. தொண்டையில என்ன இருக்கு?" என்றார் தாய். அவரே எழுந்து ஒன்று போட்டுக் காட்டினார். மகளுக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது. தாம்பரம் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியிலிருந்து எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு, "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார்.

சனிக்கிழமை பட்டணத்து அரங்கில், கறுப்புத் திரைக்குப் பின்னால் நின்று குலவை போட்டேன். அறிமுக உரை வேறு யாரோ ஆற்றினார்கள், சுருக்கமாக. கலைஞர் என் குரலைக் கேட்டதும் ஒரு கணம் தயங்கினார். அடுத்த அடி வருமா என்று பயந்துபோனேன். வந்தது. திரை இடுக்கு வழியாகப் பார்த்தேன். கூட்டம் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் என் வயசு ஆள் ஒருத்தன் மட்டும், வாயில் பிஸ்கட்டோடு, ஸ்பீக்கர் கெட்டுவிட்டதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கல் அங்கேயே நின்றது. லேஅவுட்காரர் அதைப் பிடுங்கி, கழுவி, வேறு கல் நடலாம் என்று ஆள் அனுப்பினார். ஆட்கள் தொட மாட்டோம் என்று திரும்பிவிட்டார்கள். பிறகு அவரே யோசித்து, பேனரை மாற்றி, 'அம்மன் எதிரில்' என்று ஒரு வரி சேர்த்தார். எதிர் மனை முதலில் போனது. ஆடியில் மகளிர் குழு அங்கே கூழ் ஊற்ற முடிவு செய்தது. தொழிற்சாலைப் பகுதிக்கு நவீன நடனத்தைக் கொண்டுவரப் புறப்பட்டவன் கடைசியில் ஓர் அம்மனைக் கொண்டுவந்து சேர்த்திருந்தேன்.

கூழ் ஊற்றும் அன்று கற்பூரம் ஏற்றியதும் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இந்த அம்மனுக்குக் குலவை போட்டாக வேண்டும், பழக்கம் அப்படி ஆகிவிட்டது. விடுதிப் பெண்கள் ஷிப்டில் இருந்தார்கள். சோடா புட்டி அம்மா வாயைத் திறந்து பார்த்து மூடிக்கொண்டார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "இன்னாடா வேடிக்க பாக்கற? போடு."

"சாமிக்குன்னா ஆம்பள யோசிக்கணுமாம்."

"நாங்க யோசிச்சாச்சு. போடு."

கையைக் குவித்தேன். நாக்கை ஆட்டாமல் உள்ளேயே உருட்டினேன். வயிற்றிலிருந்துதான் வந்தது. பின்னால் அம்மா பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்வது கேட்டது: "காலேஜுல சேத்ததுக்கு இதுவாச்சும் வந்துதே."